அமெரிக்காவுக்கு ஸ்டாம்ப் விக்கிறதா, ஆள் புடிச்சு ஸ்டாம்புக்கு ஸ்டாம்ப் மாத்திக்கிறதா?

கொடைக்கானல்ல இருந்து ரெண்டுமே பண்ணிப் பாத்துட்டேன். விக்கிறதுல காசு வரும், ஆனா 2025 ஆகஸ்ட் 29ல அமெரிக்கா 800 டாலர் வரைக்கும் வர்ற பார்சலுக்கு வரி இல்லைங்கிற சலுகையை எடுத்தப்புறம் அஞ்சு டாலர் ஸ்டாம்புக்கும் கணக்கு பாக்க வேண்டியதாப் போச்சு, நம்ம போஸ்ட் ஆபீஸே ஆகஸ்ட் 25ல பார்சல் வாங்குறத நிறுத்தி அக்டோபர் 15ல தான் திரும்ப ஆரம்பிச்சாங்க. கொடுமை என்னன்னா கஸ்டம்ஸ் சரக்கு வகைப் பட்டியல்ல சேகரிக்கிற ஸ்டாம்புக்குன்னே 9704னு தனி நம்பர் இருக்கு, அமெரிக்காவுல அதுக்கு வழக்கமான வரி ஜீரோ தான், 2025ல அதுக்கு மேல போட்ட புது வரி தான் தலைவலியாப் போச்சு.

மாத்திக்கிறதுல காசு கை மாறாது, ஆனா ஃபார்ம்ல மதிப்பு எழுதித்தான் ஆகணும், "மாத்திக்கிறது தானே"ன்னா கஸ்டம்ஸ் விடாது. ஐரோப்பாவுலயும் 22 யூரோ வரைக்குமான சரக்குக்கு இருந்த வாட் வரி சலுகை 2021 ஜூலை 1ல போயிடுச்சு.

இருந்தாலும் என் ஓட்டு மாத்திக்கிறதுக்குத்தான். 2006 குறிஞ்சி ஸ்டாம்ப் நாலு டபுள் கெடந்துச்சு, ஒன்ன அட்டைக்கு நடுவுல வச்சு ஜெர்மனிக்கு அனுப்பினேன், பழைய ரயில் ஸ்டாம்ப் ஆறு வந்துச்சு. மிச்சம் மூணும் இந்த மூடுபனி ஈரத்துல பசை இளகி ஆல்பத்தோட ஒட்டிக்கிச்சு, அதுக்கு எந்த நாட்டு வரியும் காரணமில்ல.