டிரம் வாங்கும் முன் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள்

எங்கள் கல்லூரி அணிக்கு இதுதான் முதல் ரோபோ வார் (ரோபோக்களை மோதவிடும் போட்டி), 8 கிலோ பிரிவு. சுழலும் ஆயுதமே வேண்டாம், முன்னால் நல்ல கெட்டியான வெட்ஜ் (சரிவான தகடு) போதும் என்றுதான் முடிவு செய்திருந்தோம். மோட்டார் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் மனதை மாற்றிவிட்டார். "வெட்ஜ் வச்சு என்ன பண்ணுவீங்க தம்பி? டிரம் போடுங்க. இஎன்24, ஹார்டனிங் பண்ணினது, பேலன்ஸும் பாத்தாச்சு." டிரம் என்றால் பல் வைத்த, வேகமாகச் சுழலும் உருளை ஆயுதம். இஎன்24 என்பது உறுதியான எஃகு ரகம், ஹார்டனிங் என்பது அதைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது. விலை 11,500 ரூபாய். பில் கேட்டோம், அப்புறம் அனுப்புவதாகச் சொன்னார். நம்பிக் கொடுத்தோம்.

2.4 கிலோ என்ற டிரம் தராசில் 3.1 காட்டியது. மிச்சம் 4.9 கிலோவுக்குள் சட்டம், சக்கர மோட்டார்கள், பேட்டரி எல்லாம் அடங்க வேண்டும். பக்கத் தகடுகளை மெலிதாக்கினோம். அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தபோது பாட் (ரோபோ) நின்ற இடத்திலேயே அதிர்ந்து நகர்ந்தது, நட்டுகள் தானாகக் கழன்றன. 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் 8,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 8,000 சுற்று) சுற்றினால் விளிம்பின் வேகம் மணிக்குச் சுமார் 136 கிலோமீட்டர். பாலிகார்பனேட் பெட்டிக்குள் வைத்து ஓட்டியதால்தான் யாருக்கும் அடிபடவில்லை. சட்டென்று திருப்பினால் ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. வேகமாகச் சுழலும் டிரம் தன் அச்சைத் திருப்புவதை எதிர்ப்பதால் வரும் கைரோ விசையால் டிரம் பாட் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. முதல்முறை ஓட்டுபவர்களிடம் விற்கும்போது அதைச் சொல்ல வேண்டாமா?

போட்டியில் எதிரணியிடம் இருந்தது வெறும் வெட்ஜ். இரண்டு மோதலில் எங்கள் டிரம்மின் பல் மடிந்துவிட்டது. மூன்றாவதில் டிரம்மைத் தாங்கும் சாஃப்ட் (அச்சுத்தண்டு) வளைந்து டிரம் நின்றது. அவர்கள் வெட்ஜில் சில கீறல்கள்தான்.

திரும்பி வந்து லேத் பட்டறையில் காட்டினோம். பட்டறை அண்ணன் பல்லின் மேல் அரத்தை ஒரு இழுப்பு இழுத்தார். பளபளவென்று பொடி உதிர்ந்தது. "இது சாதா எம்எஸ். ஹார்டனிங் பண்ணிருந்தா அரம் இவ்வளவு லேசா கடிக்காது" என்றார். எம்எஸ் என்பது மைல்ட் ஸ்டீல், மென்மையான சாதாரண எஃகு. கடைக்காரரிடம் கேட்டால், நாங்கள் மோதிய விதம் தப்பாம். இப்போது போனையே எடுப்பதில்லை.

டிரம்தான் வேண்டும் என்பவர்கள் தராசும் அரமும் கையோடு கொண்டு போங்கள். சாஃப்ட்டை ஒரே மட்டத்தில் உள்ள இரண்டு விளிம்புகளின் மேல் வைத்து டிரம்மை மெல்ல உருட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் பேலன்ஸ் இல்லை. பில்லில் இரும்பின் ரகத்தை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பணத்தை எடுக்காதீர்கள்.

நாங்கள் வெட்ஜுக்குத் தகடு வெட்டக் கொடுத்துவிட்டோம்.