உலோகச் சிப்பாய்கள் என்று சொல்லிப் பிசுபிசுக்கும் ரெசினை அனுப்பினார்கள்: ரூ. 25,200 போய்விட்டது

மினியேச்சர் படைவீரர்களை வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டும் நண்பர்கள், குறிப்பாக வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் இருப்பவர்கள், யாருக்கும் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். படங்களைப் பகிரும் செயலி ஒன்றில் பக்கம் நடத்தி, மொத்தமாக ஆர்டர் எடுத்து, வண்ணம் தீட்டியும் தருவதாகச் சொல்லும் ஒரு விற்பனையாளர் என்னிடம் ரூ. 25,200 வாங்கிக்கொண்டார். அதற்கு ஈடாக மேசைமேல் நிறுத்தக்கூட முடியாத பொருளை அனுப்பிவிட்டு, இப்போது என் எண்ணைத் தடைசெய்துவிட்டார். புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. இப்படிப்பட்டவர்களை எப்படி அடையாளம் காண்பது என்று பதிவின் முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் சிறு குழு சத்துவாச்சாரியில் நண்பர் ஒருவருடைய வீட்டு மாடியறையில் ஞாயிறுதோறும் கூடுகிறது. பெரும்பாலோர் விண்வெளி வீரர்கள், அரக்கர்கள் என்று கற்பனைப் படைகளை வைத்து மேசைமேல் போர் விளையாட்டு ஆடுகிறோம். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து உறுப்புகளை வெட்டியெடுத்து, வார்ப்பில் விழுந்த கோடுகளைக் கத்தியால் சீவி, ஒட்டி, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, தண்ணீர் கலந்த அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக இடுவது எங்களுக்குப் பழகிய வேலை. ஆனால் வேலூர்க் கோட்டை அகழியைத் தினமும் பார்த்துக்கொண்டு போகும் ஊரில் இருந்துகொண்டு, 1806 ஜூலை 10 அதிகாலையில் அந்த மதில்களுக்குள் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியை மேசையில் அமைக்காமல் இருக்கிறோமே என்பது எனக்கு நெடுநாள் குறை. கோட்டைக்குள் இருந்த 69ஆம் ஆங்கிலேயக் காலாட்படையினர், அவர்களுக்கு எதிராக எழுந்த மதராஸ் சிப்பாய்கள், செய்தி கிடைத்ததும் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் தலைமையில் விரைந்து வந்த 19ஆம் குதிரைப்படை என்று மூன்று தரப்பையும் அமைத்துவிட்டால், ஆட்டத்துக்கு ஆட்டமும் ஆயிற்று, மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத்தூண் எதற்காக நிற்கிறது என்று வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டியதும் ஆயிற்று என்று நினைத்தேன்.

இந்தக் காலத்து மதராஸ் சிப்பாய்கள் 28 மில்லிமீட்டர் அளவில் எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்தால் அஞ்சல் கட்டணமும் சுங்கவரியும் சேர்ந்து கையைக் கடிக்கும். அதனால்தான் பலருடைய ஆர்டர்களைச் சேர்த்து இறக்குமதி செய்வதாகச் சொன்ன இந்தப் பக்கத்தை அணுகினேன். வண்ணம் தீட்டாத சிப்பாய்கள் 24, ஒன்று ரூ. 250, வண்ணம் தீட்டிய 69ஆம் படையினர் 16, ஒன்று ரூ. 600, வண்ணம் தீட்டிய குதிரைவீரர்கள் 8, ஒன்று ரூ. 1,200. ஆக மொத்தம் ரூ. 25,200. எல்லாமே அசல் உலோக வார்ப்பு என்று எழுத்திலேயே உறுதி கொடுத்தார்.

நான் எடுத்த எடுப்பில் பணம் அனுப்பவில்லை. காணொளி அழைப்பில் பொருளைக் காட்டச் சொன்னேன். அவர் மேசை விளக்கின் அடியில் ஒரு குதிரைவீரனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து மெல்லத் திருப்பிக் காட்டினார். கடிவாளத்தின் வார் தனியாக, அதன் மீது விழும் ஒளிக்கோடு தனியாகத் தீட்டப்பட்டிருந்தது. பிறகு அதை மரப்பலகையில் வைத்தார். உலோகம் மரத்தில் வைக்கப்படும் அந்த ‘டொக்’ என்ற ஓசையை நான் தெளிவாகக் கேட்டேன். 69ஆம் படையின் காலருக்கும் கைமடிப்புக்கும் என்ன நிறம் என்று சோதிப்பதற்காகவே கேட்டேன். ஒரு நொடிகூடத் தயங்காமல், “பச்சைண்ணா. நிறைய பேரு மஞ்சள் அடிச்சுடுவாங்க, நாம அப்படிச் செய்ய மாட்டோம்” என்றார். இந்தப் படைப்பிரிவைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்தவரை எங்கள் குழுவுக்கு வெளியே நான் சந்தித்ததே இல்லை. அன்றிரவே பாதிப் பணம், ரூ. 12,600, யுபிஐ வழியாகச் சென்றது. சில வாரங்கள் கழித்து ‘வேலை முடிந்துவிட்டது’ என்று பளிச்சென்ற படங்கள் வந்தன, மீதி ரூ. 12,600 சென்றது.

மீதிப் பணம் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய குரலே மாறியது. முதலில் சுங்கத்துறையில் நிற்கிறது என்றார். வேலை முடிந்து படமும் எடுத்து அனுப்பிய பொருள் மறுபடி எப்படிச் சுங்கத்துறைக்குப் போகும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்து, பெயிண்டர் ஊருக்குப் போய்விட்டார் என்றார். அடுத்து, கூரியர்காரர்கள் தாமதப்படுத்துகிறார்கள் என்றார். ஒவ்வொரு முறையும் “ரெண்டே நாள்ல கெளம்பிடும்ணா” என்பதுதான் கடைசி வாக்கியம்.

ஒரு வழியாகப் பார்சல் வந்தது. கையில் வாங்கியபோதே வயிறு கலங்கியது. 48 உலோக உருவங்கள், அவற்றில் 8 குதிரைகள், அரிசிப்பொரிப் பொட்டலம்போல அத்தனை இலேசாக இருக்க முடியாது. பிரித்தவுடன் காரமான ரசாயன நெடி அடித்தது. உள்ளே இருந்தவை அத்தனையும் ரெசின் என்னும் பிசின் திரவத்தால் முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்த உருவங்கள். ரெசின் அச்சை நான் குறை சொல்லவில்லை. முறையாகக் கழுவி, புறஊதா ஒளியில் இறுக்கி எடுத்தால் அருமையான உருவங்கள் அதில் கிடைக்கின்றன. இவை கழுவப்படவும் இல்லை, இறுக்கப்படவும் இல்லை. தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. அக்குளிலும் தொப்பி விளிம்பிலும் அச்சிடும்போது தாங்கலாக நிற்கும் குச்சிகளைப் பிடுங்கிய முனைகள் கொப்புளம் கொப்புளமாக அப்படியே இருந்தன. துப்பாக்கி முனையில் செருகும் கத்திகளான சனியன்கள் கொக்கியாக வளைந்திருந்தன.

குதிரைகளின் கதி இன்னும் மோசம். உள்ளே குழிவாக அச்சிட்டு, திரவத்தை வடியவிட ஒரு துளைகூடப் போடாமல் மூடியிருக்கிறார்கள். ஒரு குதிரையின் வயிற்றில் மயிரிழை விரிசல். அதன் வழியாக இறுகாத ரெசின் கசிந்து, மேலே தீட்டியிருந்த பழுப்பு வண்ணத்தைத் தோலாக உரித்துக்கொண்டு காலில் வழிந்திருந்தது. பிரைமரே அடிக்காமல், தண்ணீரும் கலக்காமல், வண்ணத்தை அப்பியிருந்தார்கள். முகங்களில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. 69ஆம் படையின் காலரும் கைமடிப்பும் மஞ்சள்! ‘நாம அப்படிச் செய்ய மாட்டோம்’ என்று சொன்ன அதே மஞ்சள்.

சிப்பாய்களைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. 1806இல் அவர்களைப் புண்படுத்திய காரணங்களில் முதன்மையானது, தோல் சின்னம் பொருத்திய, ஐரோப்பியத் தொப்பியை நினைவூட்டும் புதிய தலைப்பாகை. நெற்றிக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவுகளும் சேர்ந்துகொண்டன. அந்தத் தலைப்பாகையை மறுத்து எழுந்து உயிர்விட்ட சிப்பாய்களாக எனக்கு அனுப்பப்பட்டவர்கள் 24 பேர் தலையிலும் உயரமான ஐரோப்பிய ராணுவத் தொப்பி! வேறு ஏதோ நாட்டுப் படையின் முப்பரிமாண வடிவக் கோப்பு ஒன்றை அச்சிட்டு, மதராஸ் சிப்பாய் என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். இதை வைத்து நான் எந்தப் பிள்ளைக்கு எந்த வரலாற்றைக் காட்டுவது?

பார்சலை என்னோடு சேர்ந்து பிரித்த என் அக்கா மகனுக்கு அன்று மாலையே உள்ளங்கை சிவந்து அரிக்கத் தொடங்கியது. இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஒரு துண்டுச்சீட்டில்கூட எச்சரிக்கை இல்லை.

படங்களோடு புகார் அனுப்பினேன். வந்த பதில்: “வேலூர் வெயில்ண்ணா, அதான் வளைஞ்சிருக்கு. கொஞ்சம் சுடுதண்ணில போட்டு நிமித்துங்க.” வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். அது உலோக வார்ப்பை வளைக்காது. உலோகம் எங்கே என்று நேராகக் கேட்டேன். “இப்பல்லாம் ரெசின்தான்ணா பிரீமியம்” என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், சொல்லிச் செய்த ஆர்டருக்குத் திருப்பித் தருவது வழக்கமில்லை என்றார். அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகவும், அதற்கு முன்னால் பக்கத்தில் நல்லபடியாக ஒரு கருத்து எழுதும்படியும் கேட்டார்! ரூ. 25,200 தொலைத்தவனிடம் பாராட்டு கேட்கும் துணிச்சல் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுத்ததும் ‘சார்’ ஆனேன். அதன் பிறகு அழைப்பும் போகவில்லை, செய்தியும் போகவில்லை.

அவர் அனுப்பியிருந்த ‘வேலை முடிந்த’ படங்களை, படத்தை வைத்துத் தேடும் வசதியில் போட்டுப் பார்த்தோம். அவை வெளிநாட்டு ஓவியர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் தீட்டி வெளியிட்டவை. ஓரத்தில் இருந்த அவருடைய குறியை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். காணொளியில் ‘டொக்’ என்று வைத்த அந்த ஒற்றைக் குதிரைவீரன் மட்டும் உண்மையான உலோகமாக இருந்திருக்க வேண்டும். அதைக் காட்டியே எத்தனை பேரிடம் வாங்கினார்களோ.

வண்ணம் தீட்டாத உருவங்களையாவது காப்பாற்றலாம் என்று ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, மொட்டைமாடி வெயிலில் இறுக்கினோம். பிசுபிசுப்பு போய்விட்டது. ஆனால் வளைந்த சனியன்களும் அப்படியே இறுகிவிட்டதால், நிமிர்த்தப் போனால் ஒவ்வொன்றாக ஒடிகின்றன. வண்ணம் தீட்டியவற்றை உரித்துப் பார்க்கும் பொறுமை எனக்கு இப்போது இல்லை.

விரிவாக ஆலோசனை எழுதுவதாகச் சொன்னேன். எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உலோகம் என்று சொன்னால் எடைபோடும் கருவியில் வைத்து, உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளோடு படம் கேளுங்கள். அனுப்பும் படங்களைப் பணம் கொடுப்பதற்கு முன்பே இணையத்தில் தேடிப் பாருங்கள். மீதிப் பணத்தைப் பொருள் கைக்கு வந்த பிறகே கொடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது காணொளி எடுங்கள், கையுறை போடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகாரும், 1915 என்ற எண்ணில் நுகர்வோர் புகாரும் பதியுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. என் ரூ. 25,200க்காக நான் இங்கே வேலூரிலேயே மனு கொடுக்கப் போகிறேன்.

அந்தப் பக்கத்தில் நேற்று இரவுகூடப் புதிய முன்பதிவு அறிவித்திருக்கிறார்கள். மறுபடியும் ‘அசல் உலோகம்’ என்றுதான் போட்டிருக்கிறது. பாதிப் பணம் கட்டிவிட்டுப் படத்துக்காகக் காத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மீதியை அனுப்பாதீர்கள். எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.