லிமாவின் லார்கோ அருங்காட்சியகம்: கிடங்கைத் தவறவிடாதீர்கள்

பெருவின் தலைநகர் லிமாவில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், 1926-இல் ரஃபாயேல் லார்கோ ஓய்லே தொடங்கிய லார்கோவுக்கே போய்விடுங்கள். தங்க நகைகளை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். விஷயமே கிடங்கில்தான்: மற்ற இடங்களில் பூட்டியே கிடக்கும் அந்தப் பகுதியை இங்கே பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள், ஆந்தை, நரி, கடல்சிங்கம், தவளை என்று வகை பிரித்து அடுக்கடுக்காக மோச்சே (இன்காக்களுக்கு முன் பெருவின் வடகரையில் வாழ்ந்த மக்கள்) மண்பாண்டங்கள். பல குடுவைகளில் விலங்கின் முதுகிலிருந்து இரண்டு குழாய்கள் வளைந்தெழுந்து மேலே ஒரே வாயாகச் சேர்கின்றன, எப்படித்தான் செய்தார்களோ!

இந்த விலங்குகளுக்கு அருங்காட்சியகம் தரும், பறவை மேலுலகம், பூனையினம் இவ்வுலகம், பாம்பு கீழுலகம் என்கிற விளக்கம் நம்பமுடியாத அளவுக்குக் கச்சிதமாக இருக்கிறதே என்று தோன்றலாம், ஆனால் கோரைப்பல்லும் பாம்பு இடுப்புப்பட்டையுமாக நிற்கும் மோச்சே தெய்வத்தைப் பார்த்தபின் மறுக்க மனம் வரவில்லை. அப்புறம், பாலியல் பாண்டங்கள் தனிக்கூடத்தில் இருக்கின்றன, குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்கவும்.