ஜிப்ஸியின் ஸ்டியரிங் ஆட்டமும் நானும்: பழைய வண்டியைத் தேற்றிய அனுபவம்

என் மாருதி ஜிப்ஸியின் இடது பக்கக் கிங்பின் (முன்சக்கரம் திரும்புகிற அச்சு) பேரிங்கை மறுபடியும் மாற்றியாகிவிட்டது. கே.புதூர் பட்டறையிலிருந்து எடுத்து, அழகர்கோவில் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் அசையவே இல்லை. கொஞ்சம் வேகம் கூட்டியபோது ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியதும் லேசாகத் துடித்து அடங்கியது. அந்தத் துடிப்பைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். மைலேஜ், பிக்கப், பின்சீட்டு வசதி பற்றியெல்லாம் ஜிப்ஸி தேடுகிற யாருக்கும் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

என்னுடையது 1300 சிசி ஜிப்ஸி கிங், கார்புரேட்டர் வண்டி. 1996-இல் கிங் வந்தது, 2000-இல் கார்புரேட்டருக்குப் பதில் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்தது, இடைப்பட்ட காலத்து மாடல். காரைக்குடிப் பக்கம் வாங்கினேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல்தான் இதில் இறங்கினேன். முதலில் இருந்தவர் வண்டியை நன்றாக உயர்த்தி வைத்திருந்தார்: 31 இஞ்ச் மட் டயர், நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் இரும்புத் துண்டு), முன்னால் கனத்த இரும்பு பம்பர். பார்க்கக் கம்பீரம். ஊருக்கு ஓட்டி வரும்போது மேலூர் தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன்சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாக அடிக்க ஆரம்பித்தன. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. வேகத்தை நன்றாகக் குறைத்த பிறகுதான் நின்றது. பட்டறையில் இதை "வாபிள் அடிக்குது" என்பார்கள்.

இதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வீல் பேலன்சிங் செய் என்றார் ஒருவர். அலைன்மெண்ட் என்றார் இன்னொருவர். ஜிப்ஸிக்கு முன்பக்கம் ஒற்றை இரும்பு ஆக்சில். அலைன்மெண்ட் கடையில் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளே வெளியே பார்க்கும் கோணம், மட்டும்தான் திருத்த முடியும். கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), காஸ்டர் (கிங்பின்னின் முன்பின் சாய்வு) இரண்டையும் அங்கே திருத்த வழியில்லை. பெரிய ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) போட்டுவிடலாம் என்றது ஒரு கடை. போட்டிருந்தால் கையில் தெரிகிற ஆட்டம் குறைந்திருக்கும். ஆனால் தேய்ந்த பேரிங் உள்ளே தேய்ந்துகொண்டேதான் இருந்திருக்கும். அந்த யோசனை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

புதூர் மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு ஒரே வரி சொன்னார்: "மொதல்ல உசரத்தக் கொறைங்க தம்பி, பெறகு பேசுவோம்." காரணத்தை அப்புறம் புரிந்துகொண்டேன். ஜிப்ஸியின் முன் லீஃப் ஸ்பிரிங்குக்கு ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அங்கே நீளமான ஷேக்கிளை மாட்டினால் ஸ்பிரிங்கின் முன்முனை தாழ்ந்து, ஆக்சில் முன்னோக்கிச் சற்றே புரளும். காஸ்டர் கோணம் குறையும். சைக்கிள் கையை விட்டாலும் நேராகப் போவதற்கு அதன் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். அந்தச் சாய்வு போனால் சக்கரம் தானாக நேருக்குத் திரும்பாது. அதோடு பெரிய டயரின் எடையும் சேர்ந்தால், ஒரு சின்னப் பள்ளம் போதும் ஆட்டத்தைத் தொடங்கி வைக்க.

ஆகவே என் அப்கிரேடு பெரும்பாலும் கழற்றுவதாகவே போனது. நீள ஷேக்கிள் போய்ப் பழைய அளவு வந்தது. 31 இஞ்ச் போய் 205/70 ஆர்15 வந்தது. பம்பரையும் கழற்றினேன், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அந்த மாதிரி கூடுதல் இரும்பு பம்பருக்குத் தடை சொல்லிவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் ஆர்.சி. நிற்காது என்ற பொருளில் தீர்ப்பு சொன்னது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் நிற்கப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அந்தக் கட்டணமும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் இன்னும் கூடியது. பசுமை வரி தனி.

கிங்பின் வேலை மட்டும் எனக்கு உண்மையிலேயே பிடித்த வேலை. சக்கரத்துக்குப் பின்னால், அதைத் தாங்கித் திருப்புகிற உருண்டையான நக்கிள். அதன் மேலும் கீழும் ஒவ்வொரு டேப்பர் பேரிங். கிங்பின்னுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள். ஒரு தகட்டை எடுத்தால் இறுக்கம் கூடும், சேர்த்தால் தளரும். ஸ்பிரிங் தராசை டை ராடு (இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) துளையில் மாட்டி இழுத்து, எவ்வளவு இழுவையில் நக்கிள் திரும்பத் தொடங்குகிறது என்று பார்த்து இறுக்கம் வைக்க வேண்டும். பல இடங்களில் கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். அண்ணன் தராசு வைத்துத்தான் செய்தார். நக்கிளிலிருந்து எண்ணெய் தண்ணியாக வழிந்தால், உள்ளே இருக்கும் ஆக்சில் சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயில் கிரீஸோடு கலக்கிறது என்று அர்த்தம். அதையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. பிறகு திறந்தால் கூலி இரட்டிப்பு.

இத்தனைக்குப் பிறகும் ஆட்டம் ஏன் திரும்பி வருகிறது? புஷ். லீஃப் ஸ்பிரிங் முனையின் வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ். பெயரில்லாத பாக்கெட்டில் வருகிற புஷ் மதுரை வெயிலில் ஒரு கோடை தாங்குவதில்லை. இறுகி, வெடித்து, நசுங்கிவிடுகிறது. அது நசுங்கினால் ஆக்சில் தன் இடத்தில் நிற்காமல் நெளியும். அந்த அடியெல்லாம் பேரிங்குக்குப் போகும். பாலியூரித்தேன் புஷ் போட்டால் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஏற்கெனவே முரட்டு சஸ்பென்ஷன் இன்னும் முரடாகும். இடுப்பு ஒத்துக்கொள்ளாது. இந்தச் சின்ன ரப்பர்த் துண்டு இன்ஜினை விட அதிகமாக என்னைப் பட்டறைக்கு இழுத்திருக்கிறது. எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

இன்ஜின் தொந்தரவு தரவில்லை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, வெடித்த வேக்குவம் ஹோஸ்களை மாற்றியதும் சித்திரை வெயிலிலும் ஒழுங்காக ஓடுகிறது. ஃப்ளோர் மட்டும் டிரைவர் கால்பக்கம் துரு. வெட்டிப் புதுத் தகடு வைத்தோம். சேஸிஸ் நன்றாக இருந்தது. கடலோர ஊர்களில் ஓடிய வண்டியென்றால் சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கோபத்தில் இதன் அருமையை விட்டுவிடக் கூடாது. மழை பெய்த மறுநாள் பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டுக்குள் போயிருக்கிறேன். டயரில் மண் அப்பி அப்பி, கனமான வண்டிகள் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தன. ஜிப்ஸி ஒரு டன்னை ஒட்டிய எடைதான். மண்ணில் அழுந்துவதற்குள் நகர்ந்துவிடுகிறது. கண்மாய்க் கரையின் சரிவில் 4எல் (நாலு சக்கர இழுவையின் லோ கியர்), முதல் கியர் போட்டால் பிரேக்கில் கால் வைக்க வேண்டியதில்லை. மல்லப்புரத்திலிருந்து மயிலாடும்பாறை போகும் மலைப்பாதையில், கல் மேல் கல்லாக, நடை வேகத்தில் அது ஏறுகிற அழகுக்காக எதையும் மன்னிக்கலாம் என்று தோன்றும். இதெல்லாம் அந்தச் சின்ன, பழைய அளவு டயரில் நடந்தது. 31 இஞ்ச் இருந்தபோது எனக்குக் கிடைக்காத நம்பிக்கை இது.

தேனி மச்சினன் ஒரு ஜிப்ஸி படத்தை அனுப்பி, "மாமா, எடுக்கவா?" என்று கேட்டிருக்கிறான். படத்தில் உயர்த்திய வண்டி, பெரிய டயர், பளபளக்கும் பெயிண்ட். மேலே நான் பாராட்டியதெல்லாம் உண்மைதான். ஆனாலும் இன்றைக்கு என் பதில், வேண்டாம். அவன் தினமும் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் பெரியகுளம் போய் வருகிறவன். அந்த வேகத்துக்கு இந்த வண்டி வேண்டாம். என்னுடையதை விற்பாயா என்று கேட்டால் அதுவும் மாட்டேன். அடுத்த மாதம் ஒரிஜினல் புஷ் ஒரு செட் கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

அப்படியும் அவன் பார்க்கத்தான் போவான் என்றால், முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்கட்டும். நக்கிளில் எண்ணெய் வழிகிறதா என்று துணியால் துடைத்துப் பார்க்கட்டும். ஷேக்கிள் நீளத்தை டேப் வைத்து அளந்து, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணை வண்டியில் தேடிப் படித்துவிட்டு, அப்புறம் விலை பேசட்டும்.