நாள் லென்ஸா, மாத லென்ஸா?

கண்ணில் பொருத்தும் காண்டாக்ட் லென்ஸால் கண் சிவந்து, ஆறிய பின், ஒரே நாளில் எறியும் நாள் லென்ஸா, தினமும் கழற்றிச் சுத்தம் செய்து ஒரு மாதம் அணியும் மாத லென்ஸா, எதை வாங்குவது என்று யாழ்ப்பாணத்தில் பலர் தடுமாறுகிறார்கள்.

செலவு: தினமும் அணிந்தால் மாத லென்ஸ் மலிவு. லென்ஸ் திரவத்தையும், 3 மாதத்துக்கொருமுறை மாற்றவேண்டிய டப்பாவையும் கணக்கில் சேருங்கள்.

அழற்சி: மாத லென்ஸில் கண்ணீரின் புரதம் படிந்துகொண்டே போகும், மேல் இமையின் உட்புறம் பருப்பருவாகத் தடித்து உறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். நாள் லென்ஸ் அன்றிரவே குப்பைக்குப் போய்விடும்.

தண்ணீர்: இரண்டுக்குமே கிணற்று நீர் ஆகாது. அதிலிருக்கக்கூடிய அக்கந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியையே அரித்துவிடும். டப்பாவைக் கிணற்றடியில் அலசுவதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், நல்லூர்த் திருவிழா, கல்யாணவீடு என்று எப்போதாவது அணிபவர்களுக்கும் நாள் லென்ஸ். நாள் தவறாமல் சுத்தம் செய்பவருக்கு மாத லென்ஸ் போதும். வலியும் வெளிச்சக் கூச்சமும் இருந்தால் இரண்டும் வேண்டாம். கழற்றிய லென்ஸோடு போதனா வைத்தியசாலைக்கு அன்றே போங்கள்.