வீட்டுக்கே வரும் நாய்ப் பயிற்சியாளர்: தண்டையார்பேட்டை அனுபவம்

தெருவிலிருந்து மீட்கப்பட்ட இரண்டு வயது நாட்டு நாயைத் தத்தெடுத்த முதல் வாரத்தில், அது கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வராமலும் தட்டில் வைத்த சோற்றைத் தொடாமலும் கிடந்ததால், வடசென்னையின் தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்து வழிகாட்டும் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தினோம். முதல் வருகையில் அவர் நாயைத் தொடவே இல்லை. அறையின் ஓரத்தில் பக்கவாட்டாக அமர்ந்து, அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், வேகவைத்த கோழித் துண்டுகளைத் தரையில் உருட்டிவிட்டபடி முக்கால் மணி நேரம் இருந்தார். (இதற்கா பணம் என்று மாமியார் முணுமுணுத்தார்.) பதற்றம் தணிய 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், நம்பிக்கை வேரூன்ற 3 மாதம் என்பது தோராயக் கணக்கே என்றும், தொடக்க நாட்களில் விருந்தினர் வருகையையும் குளிப்பாட்டுவதையும் தள்ளிப்போடுவது நல்லது என்றும் கூறினார்.

எங்கள் தெருவில் இறுதி ஊர்வல மேளமும் வெடியும் அடிக்கடி எழுவதால், அவ்வொலிகளைக் கைப்பேசியில் மிக மெதுவாக ஒலிக்கவிட்டு, உடனே தீனி கொடுத்து, நாள்தோறும் ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொன்ன முறைதான் மிகவும் பயன்பட்டது. ஆனால் மாலை ஐந்து மணி என்றால், கன்டெய்னர் லாரி நெரிசலைக் காரணம் காட்டி ஆறரைக்கே வருவார். வெறிநோய்த் தடுப்பூசி, வளர்ப்பு நாய்க்கான மாநகராட்சி உரிமம் ஆகியவற்றை நாங்கள் கேட்ட பிறகே விளக்கினார். ஐந்தாம் வாரத்தில் நாய் தானாகவே வாசற்படியில் வந்து படுத்துத் தூங்கியது.