கழிவு போய்ச் சேர்ந்ததற்கான நீலப் படி உங்கள் கைக்கு வருகிறதா? அபாயக் கழிவுக் கணக்கை அடுத்தவரிடம் விட்டு நான் ஏமாந்தது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து துத்தநாக முலாம் பூசும் சிறிய பட்டறை எங்களுடையது. பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். மூன்று ஆண்டுகள் ஓர் ஆலோசகரை நம்பி, ஆண்டுக்கு 60,000 ரூபாய் வீதம் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எங்கள் பட்டறைக் கழிவு எந்த மண்ணில், எந்தத் தண்ணீரில் கிடக்கிறது என்பது இன்றுவரை தெரியவில்லை. அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

முலாம் தொட்டிகளைக் கழுவிய நீரைச் சுத்திகரித்தால் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் கசடு தங்கும். துத்தநாகமும் குரோமியமும் சேர்ந்த கசடு. எங்களுக்கு மாதம் 120 கிலோ வரை வரும். பழைய ஆயிலும், ரசாயனம் வந்த காலி கேன்களும் தனி. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி இவற்றுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். எவ்வளவு உண்டானது, எவ்வளவு இருப்பு, யாரிடம் போனது என்பதைப் படிவம் 3இல் எழுதிவர வேண்டும். ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்கை ஜூன் 30க்குள் படிவம் 4இல் ஆண்டு அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். கழிவை 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு 10 டன்னுக்கு உட்பட்ட சிறு பட்டறைகளுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம்.

ஆர்டர், கூலி, மின்கட்டணம் என்று ஓடுகிறவர்களுக்கு இது மலைப்பாகத்தான் இருக்கும். அந்த மலைப்பைத்தான் ஆலோசகர் பிடித்துக்கொண்டார். “உங்களுக்கு எதற்கு அக்கா இந்தத் தலைவலி? கையெழுத்து மட்டும் போடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தவறு என்னுடையதுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு குட்டியானை வரும். சாக்குகளை ஏற்றுவார்கள், என்னிடம் ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அபாயக் கழிவு என்ற லேபிள் வண்டியில் இருந்ததில்லை. விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் படிவம் 9 அட்டையும் ஓட்டுநரிடம் இருந்ததில்லை. இருக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் ஆய்வுக்கு வந்த பொறியாளர் முதலில் கேட்டதே, “நீலப் படிகளைக் காட்டுங்கள் மேடம்” என்றுதான். நான் மஞ்சள் தாள்களை நீட்டினேன். அவர் பொறுமையாக விளக்கினார். கழிவு வெளியே போகும்போது எழுதும் படிவம் 10க்கு ஏழு நிறங்களில் ஏழு படிகள், அதாவது நகல்கள். வெள்ளை நாம் வாரியத்துக்கு அனுப்புவது. மஞ்சள், வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கி நாம் வைத்துக்கொள்வது. மீதி ஐந்தும் வண்டியோடு போகும். கழிவைப் பெறுபவர் இளஞ்சிவப்பை வைத்துக்கொள்வார், ஆரஞ்சை வண்டிக்காரரிடம் கொடுப்பார், பச்சையை வாரியத்துக்கு அனுப்புவார். நீலம் மட்டும் அங்கிருந்து நமக்குத் திரும்பி வரும். வெளிமாநிலத்திலிருந்து வந்த சரக்காக இருந்தால் சாம்பல் நிறப் படி அனுப்பியவரின் மாநில வாரியத்துக்கு. மஞ்சள் படி, வண்டியில் ஏற்றியதற்கு மட்டும்தான் சாட்சி. போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி நீலம். மூன்று ஆண்டுகளில் ஒரு நீலப் படிகூட என் கைக்கு வந்ததில்லை.

ஆலோசகரைக் கேட்டால், “எங்கள் அலுவலகக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது” என்றார். மஞ்சள் தாளில் பெறுபவர் என்று எழுதியிருந்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பல ஆலைகளின் அபாயக் கழிவை வாங்கிக் கையாளும் பொது மையம். அங்கே நானே விசாரித்தேன். எங்கள் பட்டறை அங்கே உறுப்பினரே இல்லை. எங்கள் பெயரில் ஒரு சாக்கும் வந்ததில்லை.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து படிவம் 3 பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மூன்று வருடமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. நாள் தவறாமல் 5 கிலோ, 5 கிலோ, 5 கிலோ. கசடைப் பிழிந்தெடுக்கும் எங்கள் ஃபில்டர் பிரஸ்ஸைச் சனிக்கிழமை மட்டும்தான் திறப்போம். தினமும் கசடு வர வழியே இல்லை. 2023 டிசம்பர் 4ஆம் தேதிக்கும் 5 கிலோ எழுதியிருந்தது. மிக்ஜாம் புயல் நாள் அது. பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர், மோட்டார்களைக் காப்பாற்ற நாங்கள் படாத பாடு பட்ட நாள். அந்த வரியைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆண்டு அறிக்கையோ அதைவிட மோசம். ‘பெயிண்ட் கசடு 300 கிலோ’ என்று என் பெயரில் கணக்குக் கொடுத்திருக்கிறார். எங்களிடம் பெயிண்ட் வேலையே கிடையாது. வேறு யாருடைய அறிக்கையையோ எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

சட்டத்தின் முன் இதற்கெல்லாம் பொறுப்பு நான்தான், அவர் அல்ல. கழிவை முறைகேடாகக் கையாண்டதால் சுற்றுச்சூழலுக்கோ பிறருக்கோ கேடு வந்தால் அதை உண்டாக்கியவரும் பொறுப்பு என்று விதியிலேயே இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வாரியம் அனுப்பிய நோட்டீஸுக்கு நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காவல் நிலையத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன். ஆனால் ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்று நமக்கெல்லாம் தெரியும். அபராதம் கட்டினாலும் என் நாலு டன் கசடு திரும்பி வரப்போவதில்லை.

இப்போது சனிக்கிழமை பிரஸ்ஸைத் திறந்ததும் தராசில் வைத்து நானே எடை பார்க்கிறேன், நானே எழுதுகிறேன். பத்து நிமிடம்கூட ஆவதில்லை. இந்தப் பத்து நிமிடத்துக்குப் பயந்துதான் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஆலோசகர் இப்போது வேறு பெயர் அச்சடித்த அட்டையோடு பக்கத்துத் தெருப் பட்டறைகளுக்குப் போய்வருவதாகக் கேள்விப்பட்டேன். உங்களிடம் வந்தால், கழிவைப் பெறுபவருக்கு வாரியம் கொடுத்த அங்கீகார ஆணையைக் கேளுங்கள். அதிலுள்ள பெயரை அந்த இடத்துக்கே போன் செய்து சரிபாருங்கள். அவரை அடையாளம் காண்பதும் எளிது. உங்கள் பட்டறைக்குள் கால் வைக்கும் முன்பே உங்கள் கணக்கை முழுதாக எழுதிக் கையோடு கொண்டுவந்திருப்பார்.